காக்காய்க்கு வைத்த சோறு

அபுதாபி பக்கம் ருவைஸில் சந்திரகலாவைத் தெரியாத தமிழர் இல்லை. திருச்சிக்காரி, என் எதிர் பிளாட். கணவர் ஸ்ரீகாந்த் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஜினியர். கட்டிடத்தில் லிப்ட் நின்றால்கூட வாட்ச்மேனை விட்டுவிட்டு அவளைத்தான் கூப்பிடுவோம். வாய் அப்படி.

ஊருக்கு வெளியே அலையாத்திக் காட்டுக்குள் கடல் நுழையும் ஓடை ஒன்று உண்டு. வலைக்காரர்களும் சுற்றுலாப் படகுக்காரர்களும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவை அங்கே கூடு கட்டும் கொக்குகள். ஓடையையே மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. சந்திரகலா அதற்காக நடந்த கூட்டத்துக்குப் போய், தன் அரைகுறை இந்தியில் எல்லோரையும் கரைத்துவிட்டாள். வலைக்காரர்கள் உள்ஓடையை விட்டுக்கொடுத்தார்கள். படகுக்காரர்கள் சுற்றிப் போக ஒப்புக்கொண்டார்கள். குடும்பங்கள் உட்கார ஒரு துண்டுக் கரை கிடைத்தது. எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்தக் கரை அவளுக்கு எதற்கென்று எனக்குத் தெரியும். அம்மா இறந்தபோது விமானம் கிடைக்காமல், கடைசியாக முகம்கூடப் பார்க்காதவள். பால்கனியில் பறவைக்குச் சோறு வைக்க எங்கள் கட்டிடத்தில் தடை. அதனால் அமாவாசைதோறும் அந்தக் கரையில் இலை போட்டு வைப்பாள். காக்காய் கொத்தினால் அம்மாவே சாப்பிட்ட மாதிரி அவள் முகம் தெளியும். பார்த்துப் பார்த்து நாங்களும் வைத்தோம். காக்காய்கள் பெருகின.

பறவைகளைக் கவனிக்கும் வேலைக்கு வந்த ஹர்ஷினி என்ற பெண், ஒருநாள் கரையில் எங்களை நிறுத்தி உடைந்த கொக்கு முட்டை ஓடுகளைக் காட்டினாள்.

"வலையும் இல்ல, படகும் இல்ல ஆன்ட்டி. எல்லாம் காக்கா வேலை. நீங்க வெக்கிற சோத்துக்கு வந்ததுங்க, அப்படியே கூட்டுலயும் பூந்துடுச்சுங்க. இந்த வருஷம் ஒரு குஞ்சுகூட தேறல."

"சோறுதானேம்மா வெச்சேன்," என்றாள் சந்திரகலா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வலைக்காரன் தன் பிழைப்பில் பாதியை விட்டுக்கொடுத்தான். அவனிடம் போய்க் கேட்ட நாங்கள் எதை விட்டுக்கொடுத்தோம்?

அடுத்த அமாவாசைக்கு அவளுக்குத் துணையாகப் போனேன். வெறுங்கையோடு வந்திருந்தாள். எங்களைக் கண்டதும் காக்காய்கள் இறங்கின. ஒன்று மட்டும் பழகிய உரிமையில் அவள் காலடிவரை தத்தி வந்து நின்றது. கையைத் தட்டி விரட்டினாள். அது நகரவில்லை. குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி அதன் மேல் எறிந்தாள்.

"போயிடும்மா," என்றாள் அழுதுகொண்டே. "இனிமே வராதம்மா."