காளைக்கு வாங்கிய கயிறு

என் ஆய்வகத்து ஆணியில் ஒரு நூல்கயிறு தொங்குகிறது. எதற்கு என்று கேட்பவர்களிடம் காளை கட்ட என்பேன். பொய்யில்லை. எழுபதுகளில், மலையாளத்து எல்லையோர வடகரப்பதியில் என் அத்தை அதற்குத்தான் வாங்கினாள்.

மாமா இறந்தபின் அவளுக்கு மிஞ்சியது ஒரு வீடும் ஒரு நாட்டுப் பசுவும். அது கறந்த பால் காபிக்குக்கூடக் காணாது. "வித்துப்போட்டு எங்கூட வந்துரு" என்று அவளுடைய அண்ணனான என் அப்பா வாரம் தவறாமல் வந்து நிற்பார். பாசம்தான். ஆனால் போனால் அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒரு மூலைதான் என்று அத்தைக்குத் தெரியாதா? "எம்பட ஊட்டுல நான் இருந்துக்கறனுங்ண்ணா" என்பாள்.

மலைமேல் மாட்டுப்பட்டிப் பண்ணையின் சீமைக் காளை வந்திருக்கிறது, கலப்புக் கன்று பிறந்தால் குடம் குடமாய்க் கறக்கும் என்று மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள். அத்தை பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். காளை மலையிறங்கி நடந்து வருமா, லாரியில் வருமா என்று எங்கள் வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. பசு பருவத்துக்கு வந்து கத்திய அன்று காளைக்குப் பருத்திக்கொட்டை ஊறப்போட்டு, முளை அடித்து, புதுக் கயிற்றோடு நின்றாள் அத்தை. மலையாளத்து டாக்டர் ஸ்கூட்டரில் ஒரு கேனோடு வந்து இறங்கினார்.

"காளை எங்கீங்க?"

"காளை இதிலுண்டு அம்மே" என்று கேனைத் திறந்தார். வெள்ளைப் புகை வழிந்தது. உள்ளேயிருந்து ஈர்க்குச்சி கனத்தில், விந்து உறைந்த ஒரு குழலை எடுத்தார்.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பருத்திக்கொட்டைய நீயே தின்னு." அத்தை அசரவில்லை. "காளை வரலீனாப் போகுதுங்க. வேலை நடந்தாச் சரி. கவுறு கெடக்கட்டும்."

சினை நின்றது. ஆனால் பசு சிறிது, கன்று பெரிது. ஒரு உச்சிவெயிலில் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டன. பசு போனால் வீடும் போகும். அன்றைக்குத்தான் அத்தையின் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். ஓடிவந்த டாக்டர் கயிறு கேட்டார். ஒரு நுனி கன்றின் காலில், மறுநுனி அப்பாவின் கையில். "இழுங்ண்ணா, இழுங்" என்று அத்தை பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செவலைக் கிடேரிக் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அப்பாவும் மண்ணில் விழுந்தார். மூச்சு வாங்க அவர் கேட்டது ஒன்றுதான்: "பருத்திக்கொட்ட இருக்குதா? பசுவுக்குப் போடு."

சென்ற வாரம் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு பிளாஸ்மிட், அதாவது ஒரு டி.என்.ஏ. வளையம், வந்தது. வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல்லுக்குள் வாங்கித் தருகிற ஏற்பி ஒன்றின் மனித மரபணு அதில் இருக்கிறது. பெருகும் சக்தியைப் பிடுங்கிவிட்ட ரெட்ரோவைரஸ் அதை எலிச் செல்லுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு அடங்கிவிடும். சில நாளில் எலிச் செல்லின் மேல் மனித ஏற்பி நிற்கும், எனக்குச் சந்தேகமில்லை. உறைக்குள் இருந்ததோ, சொட்டு காய்ந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்ட ஒரு துண்டு வடிதாள். மாணவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிளாஸ்மிட் எங்க மேடம்?"

"இதிலுண்டு அம்மே" என்றேன். அவள் விழிக்கவே, கயிற்றைக் காட்டிக் கதையைச் சொன்னேன்.

"அப்புறம் அத்தை உங்க அப்பா வீட்டுக்கு வந்துட்டாங்களா?"

அவள் எங்கே வந்தாள்! அப்பாதான் கடைசிவரை தினமும் காலையில் அத்தை வீட்டுக்குக் காபி குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.