அரசப்பனின் குடைக்கம்பி

எங்கள் தெரு அரசப்பன் குடைக்கம்பியைத் தேய்த்துக் கள்ளச்சாவி செய்கிறான் என்று என்னிடம் முதலில் சொன்னவள் என் மனைவி ராமாயி. "செஞ்சா செஞ்சுட்டுப் போறாரு, உனக்கென்னய்யா?" என்று அவளே சேர்த்துச் சொன்னாள். அந்த இரண்டாவது பேச்சு என் காதில் ஏறவில்லை.

அப்போது எனக்கு எதிலும் சந்தேகம்தான். பாபநாசத்தை ஒட்டிய எங்கள் ஊரில், வைத்தியலிங்கம் பண்ணையின் நிலத்தில் ஒரு பகுதியை உச்சவரம்புச் சட்டத்தில் சர்க்கார் எடுத்து, அங்கே கூலி வேலை செய்த எங்கள் தெருவுக்கு ஆளுக்கு இரண்டு மா நிலம் பட்டா போட்டுக் கொடுத்திருந்தது. எழுபத்திரண்டாம் வருசம். நான் சங்கத் தலைவன். பட்டா கைக்கு வந்த நாளிலிருந்து, இதை எவன் பிடுங்க வருவான் என்பதே நினைப்பு. மணியக்காரர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம்.

முதல் போகத்தைத் தரிசு போட்டால் பட்டா ரத்தாகும் என்று ஊரில் பேச்சு. அதனால் கூலி நெல்லில் வயிற்றைக் கட்டி விதைநெல் சேர்த்தோம். இருபத்துநாலு கலம். சங்கக் கொட்டகையில் நெல் குதிரில் கொட்டி, கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு போட்டு, சாவியை என் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். இந்த நேரத்தில் ஒருவன் பூட்டைத் திறக்கப் பழகுகிறான் என்றால் என்ன நினைப்பது?

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அரசப்பன் வாசல் கல்லில் தண்ணீர் தெளித்து ஒரு கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பழைய இரும்புக்கடையில் வாங்கிய துருப்பிடித்த பூட்டுகள் நாலு. பிடிக்கு மூங்கில் சிம்பு. ஏற்கெனவே செய்த கம்பிகளில் ஒன்று வளைந்திருந்தது, ஒன்று முறிந்திருந்தது. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. செய்வதும் கெடுப்பதும் அவனேதான்.

"எதுக்குடா இந்த வேலை?"

"பண்ணைப் பத்தாயத்துக்கு இருபது வருசம் காவல் படுத்தேன்ணே. உள்ள நெல்லு இருக்குன்னு தெரியும். பூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியல. அதான்."

அதான் என்றால் என்ன அர்த்தம்? ஒரு மனுசன் லாபமில்லாமல் ராப்பகலாகக் கம்பி தேய்ப்பானா? நான் நம்பவில்லை. அன்றிலிருந்து தினமும் இரண்டு தடவை கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

ஆனி மாதம் விதை கொடுக்கக் கொட்டகையைத் திறந்தோம். எங்கள் நெல்லைப் பண்ணை மரக்காலில் அளப்பதா என்று எனக்கு ரோசம். சேர்க்கும்போது அதில்தான் அளந்திருந்தோம். வேலைநிறுத்தத்தின்போது பண்ணைக் களத்தில் கேட்பாரற்றுக் கிடந்து எங்கள் தெருவுக்கு வந்த மரக்கால் அது. இந்தத் தடவை கும்பகோணத்தில் முத்திரை குத்தின புது மரக்கால் நானே வாங்கி வந்தேன். அளந்து முடித்தால் இருபத்திரண்டு கலம்தான் இருந்தது. இரண்டு கலத்தைக் காணோம்.

எல்லோர் கண்ணும் அரசப்பன் பக்கம் திரும்பியது. அவன் கொட்டகைக்குள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தான். நான் நிலைப்படியில் கையை நீட்டி மறித்தேன்.

"மடியை உதறுடா."

இதைச் சொன்னவன் நான்தான். பண்ணைக் களத்தில் பொழுது சாயும்போது காரியக்காரர் எங்களை வரிசையில் நிறுத்திச் சொல்லும் சொல் அது. ஆண் பெண் அத்தனை பேரும் இடுப்புத் துணியை அவிழ்த்து உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். என் அம்மா உதறியிருக்கிறாள். நான் உதறியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு எதிராகத்தான் சங்கமே வைத்தோம்.

அரசப்பன் என்னை ஒரு தடவை பார்த்தான். மடியை அவிழ்த்து உதறினான். சுண்ணாம்பு டப்பியும் ஒரு குடைக்கம்பியும் விழுந்தன.

"பாத்தீங்களா!" என்று கத்தினேன்.

"இந்தப் பூட்டை என்னால தொறக்க முடியாதுண்ணே. சின்னப் பூட்டுதான் ரெண்டு தொறந்திருக்கேன்."

"முடியுமா முடியாதான்னு இப்பப் பார்த்துடுவோம். தொற!"

கதவைச் சாத்திப் பூட்டினேன். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பியை விட்டான். திருப்பினான், காதை வைத்துக் கேட்டான். வேர்த்து ஊற்றியது. உச்சி வெயில் வரைக்கும் பார்த்தான். கடைசியில் கம்பி முறிந்ததுதான் மிச்சம். அவன் மனைவி செவ்வந்தி தெருவோரம் நின்று அழுதாள். என் இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பான்.

"நடிக்கிறான்" என்றேன் நான். அவனுக்கு விதை இல்லை என்று சங்கத்தில் முடிவாயிற்று. விதையில்லாவிட்டால் அவன் இரண்டு மா தரிசுதான். தரிசானால் போயிற்று பட்டா. தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் காலையில் ராமாயி என் முன்னால் வந்து நின்றாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"நம்ம பங்கு எவ்வளவுய்யா?"

"ஒம்போது மரக்கா. ஏன்?"

"நான் அளந்தேன். பத்துக்கு ஒரு கைதான் கொறையுது. நமக்கு மட்டும் கூட அளந்துட்டியா? உன் மடியை உதறு பார்ப்போம்."

"எதுலடி அளந்த?" என்றேன். அவள் பண்ணை மரக்காலைக் காட்டினாள். புது மரக்கால் கொட்டகையில் இருந்ததால், கையில் கிடைத்ததில் அளந்திருக்கிறாள். புதியதைக் கொண்டுவந்தேன். பழையதைத் தலை தட்டி நிரப்பிப் புதியதில் கொட்டினேன். நிரம்பவில்லை. வாயிலிருந்து ஒரு விரல் கீழே நின்றது. காலி செய்துவிட்டு இன்னொரு தடவை கொட்டினேன். அங்கேயேதான் நின்றது.

யாரும் எதையும் திருடவில்லை. சின்ன மரக்காலில் அளந்து வைத்து, பெரியதில் அளந்து எடுத்திருக்கிறோம். பண்ணையில் கூலி அளக்கும்போது எண்ணிக்கையில் ஏமாற்றுவார்கள் என்று விரல் மடித்து எண்ணியவர்கள் நாங்கள். அந்த மரக்காலையே பிறந்ததிலிருந்து பார்த்ததால், மரக்கால் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டோம். ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு அந்த மரத்துண்டின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. என் அப்பன் ஆயுசு முழுக்கக் கூலி வாங்கியதும் அதில்தான்.

அரசப்பன் பங்கு விதையை நானே தலையில் வைத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. தலைவன் அல்லவா! "நேரத்தோட விதைச்சுக்க" என்றேன். "சரிண்ணே" என்றான். அன்றைக்கும் கம்பிதான் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குறுவை அவன் வயலில்தான் முதலில் கதிர் வாங்கியது.

மூன்று வருசம் கழித்து, குடமுருட்டியில் குளிக்கும்போது அரைஞாண் அறுந்து சாவி ஆற்றோடு போயிற்று. நாற்றங்காலில் தண்ணீர் கட்டி உழுது போட்டிருக்கிறோம், விதை பூட்டுக்குள் இருக்கிறது. "கதவை உடைக்க வேண்டாம், அரசப்பனைக் கூப்பிடுங்க" என்றாள் ராமாயி.

வந்தான். இப்போது அவன் கையில் மெல்லிசாக, நுனி மடங்கிய கம்பிகள் இரண்டு. வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, அதே திண்டுக்கல் பூட்டு வாயைப் பிளந்தது. தெருவே கை தட்டியது. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் பாழும் மனசு, அந்த நேரத்திலும் ஒன்றைக் கேட்டது: இவ்வளவு சுலபமாகத் திறப்பவன் அன்றைக்கு உண்மையிலேயே திறக்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தானா? மரக்கால் கதை முழுக்கத் தெரிந்தும் கேட்டது. என் மூஞ்சியில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"நீயே முதல் கூடையை எடுத்துக் குடுடா" என்றேன் அவசரமாக.

உள்ளே போனான். கூடையை எடுத்து வந்து ராமாயி கையில் கொடுத்தான். பிறகு நிலைப்படிக்கு வந்து, என் முன்னால் நின்று, யாரும் சொல்லாமலே மடியை அவிழ்த்து உதறினான். சுண்ணாம்பு டப்பி மட்டும் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.