பெரியவரின் செல் வீக்!

போன வாரம் கொல்லிமலையில் ஒரு பெரியவரை வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். மிளகு காய்கிற பாய்க்குப் பக்கத்திலேயே அவருக்கும் ஒரு பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் திட்ட வேண்டிய ஆளைத் திட்டிவிடுகிறேன்.

என் மைத்துனன் செங்கோடன் ஊர் ஊராகப் போய் ஆரோக்கியப் பிரசங்கம் செய்கிறவன். இங்கிலீஷ் பத்திரிகையில் எதையாவது பாதி படிப்பான். மீதியை அவனே சேர்த்துக்கொள்வான். போன மாதம் என்னையும் இழுத்துக்கொண்டு சேந்தமங்கலத்திலிருந்து மலையேறினான். ரோடு வரும், பஸ் வரும் என்கிறார்கள்... இன்றைக்குக் கால்தான் பஸ்.

மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் நல்லுசாமி என்ற விவசாயியின் வீட்டு வாசலில் கூட்டம். உடம்பு முழுக்கச் செல் இருக்கிறது, செல்லில் சக்தி குறைந்தால் கிழத்தனம் வந்துவிடும், செல்லைக் கவனியுங்கள் என்று முழங்கினான். எதைத் தின்றால் சக்தி வரும் என்று சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்துவிட்டது.

மலை ஜனங்களுக்குச் செல் தெரியாதா? நன்றாகத் தெரியும். டார்ச் லைட்டில் போடுகிறார்களே, அதுதான் செல்! வெளிச்சம் மங்கினால் என்ன செய்வார்கள்? வெயிலில் காயப் போடுவார்கள். சிரிக்காதீர்கள், நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள்.

நல்லுசாமியின் அப்பா காளியண்ணன் கொஞ்ச நாளாகவே சோர்ந்து கிடந்தார். ஏன் சோர மாட்டார்? ஆயுசு பூராவும் ராகிக் களியும் சாமைச் சோறும் தின்று மலையைச் சுற்றி வந்த மனுஷன். மிளகு நல்ல விலைக்குப் போனதும் வீட்டில் மூன்று வேளையும் நெல்லுச் சோறு, பன், சீனிக் காப்பி. பெற்றவருக்குக் களி போட்டால் ஊர் என்ன சொல்லும்? கௌரவம்! அவர் களி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய்ச் சாப்பாட்டையே குறைத்துவிட்டார். எழுந்து நடப்பதும் நின்றுபோயிற்று.

பிரசங்கம் கேட்ட மகனுக்குக் காரணம் புரிந்துவிட்டது — அப்பாவுக்குச் செல் வீக்! அன்றிலிருந்து வெயில் வைத்தியம். மருமகள் பாப்பாயி நடுநடுவே வந்து மாமனாரைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவாள்.

போன வாரம் நாங்கள் மறுபடியும் மலையேறிப் போய் நின்றதும் நல்லுசாமி கவலையோடு கேட்டார்.

"ஏனுங்க, நல்லாக் காய வெச்சும் வெளிச்சமே வரலீங்க. செல்லு போயிருச்சுங்களா?"

செங்கோடன் பையைத் திறந்து இங்கிலீஷ் பத்திரிகையைத் தேடினான். நான் வாயைத் திறக்குமுன் பாயிலிருந்து பதில் வந்தது.

"ஆமா சாமி, பழசு போயிருச்சு. புதுச் செல்லு போடோணும்."

"அது எங்கீங்கப்பா கெடைக்கும்?"

"உன்ற அடுப்புலதான். உருண்டையா, கறுப்பா இருக்கும். வாய் வழியாப் போடோணும்."

முதலில் சிரித்தது பாப்பாயிதான். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் களி கிளறுகிற சத்தம் கேட்டது. பெரியவர் யாரும் திருப்பிப் போடாமலே தானாக எழுந்து உட்கார்ந்தார்.

கீரைக் குழம்பில் முக்கி ஒரு உருண்டையை முடித்தார். அடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு செங்கோடனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மருமகளிடம் சொன்னார்.

"இந்தப் பிரசங்கக்காரருக்கும் ஒண்ணு போடு கண்ணு. மலையேறி வந்ததுல மனுசன் அணைஞ்சே போயிட்டாரு."

பெற்றவருக்கு என்ன போடுவது என்று ஊரைக் கேட்காதீர்கள் ஐயா — தின்னப் போகிறவரைக் கேளுங்கள்!