ரேவதிக்கு ஒரு வெள்ள விளக்கு

அன்னிக்கு சூளைக் கதவத் தொறந்தேன். ரேவதிக்குன்னு செஞ்ச விளக்கு, பஸ் ஜன்னல்ல தலை சாச்சுத் தூங்கற ஆளு மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. போர்சலின்ங்கற இந்த வெள்ளக் களிமண்ணு அப்படித்தான்: கைல இருக்கறப்ப எல்லாத்துக்கும் தலையாட்டும், நெருப்புக்குள்ள போனதும் மனசுல இருக்கறதக் காட்டும். இப்ப ஆபீஸ்ல அடுத்த மீட்டிங்குக்கு இருபது நிமிஷம் இருக்கு. மண்ணுகிட்ட மாட்டிக்கிட்ட என் சக ஜீவன்களுக்காக அதுக்குள்ள நடந்ததெல்லாம் டைப் பண்ணிடறேன்.

யாரும் பாக்கலன்னு நெனச்சேன்

ரேவதி இங்க பெங்களூருலயே பொம்மனஹள்ளில இருக்காங்க. அப்ப ஏழு மாச கர்ப்பம். நான் செஞ்ச கப்ப யார் வீட்லயோ பாத்துட்டு போன் பண்ணாங்க. பாப்பா ரூமுக்கு விளக்கு வேணும், மேகத்துக்குள்ள நிலா மாதிரி வெளிச்சம் மண்ணு வழியாவே வரணும், பாப்பா பொறக்கறதுக்குள்ள வேணும். என் மொத ஆர்டர்! குதிச்சிட்டேன்.

மண்ண சப்பாத்தி மாதிரி தேச்சு, ஒரு ஓரத்தப் புடிச்சுத் தூக்கினேன். வளஞ்சிடுச்சு. தட்டி நேராக்கி, உருளையா சுத்தி ஒட்டிட்டேன். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல. ஜோகுபாளையத்துல நாங்கல்லாம் சேந்து வேல செய்யற ஸ்டுடியோ ஸ்டெல்லா அக்காவோடது. சாஞ்ச விளக்கச் சுத்திச் சுத்திப் பாத்துட்டுச் சொன்னாங்க: "செவப்பு மண்ணு அடிச்சாலும் மறந்துடும்மா. இது மனசுல வெச்சிருந்து, சூடேறினதும் பழசெல்லாம் எடுக்கும், எங்க நாத்தனார் மாதிரி."

மைக் ஆன்ல

ரெண்டாவது விளக்க சக்கரத்துல எழுப்பலாம்னு உக்காந்தேன். காதுல ஆபீஸ் மீட்டிங், கேமரா ஆஃப். போர்சலின் வெண்ணெய் மாதிரி இழையுது. சக்கரம் சுத்தச் சுத்த கண்ணு தானா சொக்கும். விரலுக்கு நடுவுல ஒரு வெள்ளச் சுவரு மெல்ல மெல்ல எழும்புது, நான் இழுக்கற மாதிரியே இல்ல, அதுவா வளர்ற மாதிரி இருக்கு.

மேனேஜர் திடீர்னு என் பேரச் சொன்னாரு. விரல் வழுக்கி, சுவரு தொப்புன்னு உக்காந்துடுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, மைக் ஆன்லயே இருந்திருக்கு, நான் மண்ணுல தண்ணி விடற சத்தமெல்லாம் போயிருக்கு. மேனேஜர் கன்னடம் கலந்து கேட்டாரு: "ஏன்ரீ, ஊரெல்லாம் வெயிலு, உங்க வீட்ல மட்டும் சலசலன்னு கேக்குதே, பைப்பு ஏதாவது உடஞ்சிடுச்சா?"

வெள்ளைக்குப் பக்கத்துல செவப்பு

மூணாவது நல்லா எழும்பிடுச்சு. ஆனா மெதுவாத்தான் காயணும், அவசரப்பட்டா விரிசல் விடும். கவர் போட்டு மூடி வெச்சு, தினம் எட்டிப் பாப்பேன். ஈரம் போகப் போக சாம்பல் நெறம் வெள்ளையாகும், பொழுது விடியற மாதிரி. அப்படியே நின்னுடுவேன். அதுக்குள்ள ரேவதிகிட்டேந்து மெசேஜ்: பிரசவம் அடுத்த வாரம்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

அன்னிக்குன்னு பாத்து, பூந்தொட்டி செய்யற செல்வம் அண்ணா, கவரு வெலகியிருக்கேன்னு பாவம், சரி பண்ண வந்தாரு. கையெல்லாம் செவப்பு மண்ணு! ஒரு துளி பட்டாலும் சூளைல பழுப்புக் கறையாயிடும். நான் போட்ட சத்தத்துல தெரு நாய் எந்திரிச்சு ஓடிடுச்சு. அண்ணா ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நின்னாரு. "மழைல வெள்ள வேட்டி கட்டினவன்கூட இவ்ளோ கத்த மாட்டாம்மா."

லைட்டப் போட்டப்ப

இந்தத் தடவ சூளைலேந்து நேரா வந்துச்சு. மடில வெச்சுக்கிட்டு ஆட்டோல போனேன். அங்க போனா, வாசல்ல பை ரெடி, ரேவதிக்கு வலி ஆரம்பிச்சாச்சு, கீழ வண்டி நிக்குது. "ஒரே நிமிஷம், போட்டுப் பாத்துட்டு வரேன்"னு அவங்க நின்னுட்டாங்க. ஸ்க்ரீன இழுத்துவிட்டு பல்ப் போட்டேன். ரூமே தேன் நெறமாச்சு. கூடவே என் மானமும் போச்சு. வெளிய வழவழன்னு இருந்த சுவத்துல, உள்ள என் விரல் அழுத்தின தடமெல்லாம் கீழேந்து மேல வரைக்கும் சுத்திச் சுத்தி நெழலாத் தெரியுது. வேற செஞ்சு தரேன்னு உளறினேன்.

அதுக்குள்ள ரேவதிக்கு அடுத்த வலி வந்துடுச்சு. ஒரு தடத்துல விரல வெச்சாங்க. மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே அது கூடவே சுத்தி, மேல வரைக்கும் போனாங்க. வலி தாண்டிடுச்சு. மறுபடியும் கீழேந்து ஆரம்பிச்சாங்க. அவங்க வீட்டுக்காரர் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு என்னப் பாத்தாரு. "விளக்கையும் எடுத்துட்டு நீங்களும் ஏறுங்க மேடம், லேபர் வார்டுல பிளக் பாயிண்ட் இருக்கான்னு கேட்டுப் பாப்போம்."

என் விரல் தடம் நாலு பேருக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சிருந்தா, நான் சிமெண்ட் பூசப் போயிருக்கணும்.