ஒரு குறையும் இல்லாத மண்டபம்

எங்கள் ஊரில் மகளைப் பெற்றவன் வயதான காலத்தில் தனித்துப்போக மாட்டான். கலியாணம் முடித்து வீடு மாறிப் போவது ஆண் பிள்ளைகள்தான். பெண் பிள்ளை பெற்ற வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை வந்து சேருவார். பெற்றவர்கள் அதே வளவில் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் சத்தத்தில் மிச்சக் காலத்தைக் கழிப்பார்கள். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நான் பார்த்து வளர்ந்தது இதைத்தான். எனக்கு ஒரே பிள்ளை, அதுவும் மகள். இருந்தும் இன்றைக்கு நான்கு அறை வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். யார் மேலும் பழி போட வழியில்லை. நானே என் கையால் செய்துகொண்ட வேலை இது.

மனைவி நோயில் மௌத்தானபோது மகளுக்குப் பதினாறு வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைக்கு ஒரு குறையும் வெச்சிராதீங்க" என்றாள். அவள் சொன்னது பிள்ளையைப் பற்றி. நான் அதைக் கல்லுக்கும் சீமெந்துக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் கணிதம் படிப்பித்தவன் நான். விடை சரியாக இருந்தாலும் அதன் கீழே கோடு இழுக்காவிட்டால் ஒரு புள்ளி குறைப்பேன். பிள்ளைகள் திட்டியிருப்பார்கள், திட்டட்டும். அந்தப் புத்தியோடுதான் வீடு கட்டவும் இறங்கினேன்.

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்பார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒரே வேலை. மகள் பல்கலைக்கழகம் முடித்த வருஷமே நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்குக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், அமைதியான பிள்ளை. மகளுக்கும் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டுப் பேச்சை யாராவது எடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் காவின் எழுதிக் கலியாணத்தை முடிப்பது, அன்றைக்கே மாப்பிள்ளை இந்த வீட்டுக்குக் குடிவருவது என்று பேசி முடித்தோம். கூரை போட்டாயிற்று, சுவர் பூசியாயிற்று. மண்டபத்துக்கு டைல்ஸ் பதிப்பது ஒன்றுதான் பாக்கி.

பதித்துக் கடைசிக்கு வந்த அன்றுதான் கண்டேன். கடைசி வரிசை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் வந்தது. அளவு நாடாவை எடுத்து மண்டபத்தை மூலைக்கு மூலை குறுக்கே அளந்தேன். மூலைகள் சரியாக இருந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட ஓர் அங்குலம் கூட இருந்தது. யா அல்லாஹ், எனக்கு வந்த கோபம்! மேசன் தலையைச் சொறிந்தார்.

"சேர், அது கண்ணுக்குத் தெரியா. ஒரு அலுமாரிய வெச்சா மறைஞ்சிரும்."

"எனக்குத் தெரியுதே."

"குறையில்லாதவன் அல்லாஹ் மட்டுந்தான் சேர். நாம மனிசர்."

"அவன்ட பேரச் செல்லி உங்கட வேலைய மறைக்காதீங்க" என்றேன்.

இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது. நான் சுவரை இடிக்கச் சொன்னேன், அந்த மனிதர் இடித்தார். சுவரோடு ஜன்னல் போனது, பூச்சுப் போனது, பதித்த டைல்ஸ் பாதி போனது. காவினை நோன்புப் பெருநாளுக்குத் தள்ளிவைத்தேன்.

செய்தி கேட்ட அன்று மகள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"வாப்பா, ஒரு அறையும் குசினியும் இரிந்தாப் போதும். மத்தத நாங்க இரிந்துக்கிட்டே பாத்துக்குவம்."

"என்ட மகள் அரைகுறை ஊட்டுல குடியிரிக்கிறதா? ஊர் சிரிக்கும்."

"இந்த ஊடு எனக்கா வாப்பா, உங்களுக்கா?"

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். என் தங்கச்சியும் வந்து, "குற்றம் பாக்கில் சுற்றம் இல்ல எண்டுவாங்க காக்கா. மாப்புள ஊட்டாக்கள் எத்தின நாளைக்குக் காத்திரிப்பாங்க?" என்று சொல்லிப் பார்த்தாள். கணக்குத் தெரியாதவளின் கதை என்று அதையும் தள்ளினேன். நோன்புப் பெருநாளும் வந்தது. அதற்குள் மாரி மழைக்கு வாசல் கதவு ஊதிப்போயிருந்தது. சாத்தினால் மேல்பக்கம் ஒரு நூல் இடைவெளி. கதவைக் கழற்றி வேறு மரத்தில் செய்யக் கொடுத்தேன். மறுபடியும் நாள் தள்ளிப்போனது.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்ல வடிவா வருது" என்றார். தேத்தண்ணி குடித்தார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து ஆள் வந்து சொன்னது, மாப்பிள்ளைக்கு இரண்டு தெரு தள்ளி வேறு இடம் பேசிவிட்டார்களாம், அங்கே வீடு முடிந்து கதவுத் திறப்பும் கையில் இருக்கிறதாம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்லிச் சொல்லித்தானே இந்த நிலைமை.

மகள் அழுததை நான் பார்க்கவில்லை. அன்று பகலும் எனக்குச் சோறு போட்டாள். மீன்குழம்பில் உப்புப் புளி எல்லாம் அளவாக இருந்தது. அந்தச் சோற்றை எப்படித்தான் தின்று முடித்தேனோ.

வீடு முடிந்தது. இப்போது குறுக்களவு இரண்டும் மயிரிழை பிசகாது. பூரணம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், கரும்பலகையில் நான் வரைந்த செவ்வகம் ஒன்றுகூடச் சரியான செவ்வகம் இல்லை. சோக்குக் கட்டியின் தடிப்பே அதைக் கெடுத்துவிடும். ஆனால் இந்த மண்டபத்தில் நான் இதுவரைக்கும் குறை கண்டதில்லை. ஆகவே, இருக்கிறது என்றுதான் சொல்வேன், அதற்குள்தான் நான் குடியிருக்கிறேன். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்து, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால் என் இருமல் எனக்கே திரும்பிக் கேட்கிறது. கதைக்க ஒரு ஆள் இல்லை.

ஏனென்றால் அந்தச் சம்பந்தம் போய் ஒன்றரை வருஷம் கழித்து மகளே ஒரு சம்பந்தத்தைச் சொன்னாள். கண்டிப் பக்கம், கூடப் படித்தவளின் கூடப்பிறந்த காக்கா. அவர்கள் வந்து என் மண்டபத்தில் இருந்துகொண்டு, "வீடு ஒண்டும் வாணாம், புள்ளய மட்டும் தாங்க, எங்களோட இருக்கட்டும்" என்றார்கள். சீதனம் கேட்காத குடும்பம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லியிருக்க வேண்டியவன், முகத்தில் அடிபட்ட மாதிரி இருந்துவிட்டேன். மகளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடே தேவைப்படாத ஒரு கலியாணத்தை அவள் தேடித்தான் எடுத்திருக்கிறாள் என்று விளங்கியது.

பின்னேரங்களில் போனில் கோல் எடுப்பாள். அங்கே மழை பெய்தால் மூன்று இடத்தில் வாளி வைக்க வேண்டுமாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். "நான் வந்து கூரையப் பாக்கட்டா?" என்று ஒருநாள் கேட்டேன். "வேணா வாப்பா, அது ஒழுகட்டும்" என்றாள்.

போன பெருநாள் லீவுக்கு வந்திருந்தாள். பேத்திக்கு மூன்று வயது. வந்த மறுநாள் கருப்பட்டி போட்ட வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு, கை கழுவாமல் ஓடி, மண்டபத்து வெள்ளைச் சுவரில் உள்ளங்கையைப் பதித்துவிட்டது. ஐந்து விரலும் பழுப்பாக, வடிவாக விழுந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் மகள் ஈரத்துணியோடு ஓடிவந்தாள். பிள்ளையின் கையில் ஓர் அடி வைத்தாள்.

"உட்டுடு மகள். இரிக்கட்டும்."

"இல்ல வாப்பா, இப்பவே தொடைச்சாத்தான் போகும்."

"இரிக்கட்டும் எண்டு செல்றனே."

ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். குனிந்து இன்னும் வேகமாகத் தேய்த்தாள். பேத்தி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதது.

நாலாம் நாள் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவருக்குக் கிட்ட முகத்தை வைத்து, விரல் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினேன். துடைத்தது என் மகள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.