இடப்பக்கம் மட்டும் உயரம்

அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு மாசம் என்று முடிவானது பாகப்பிரிவினை அன்றுதான். தோட்டத்தில் எனக்கும் பங்கு வேண்டும் என்று நான் கேட்டதில் அண்ணனுக்குக் கோபம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணியும் ஃபோனை எடுப்பதில்லை. எல்லாவற்றையும் பிரித்து முடித்தபின் பாக்கியிருந்தது இந்தக் கார். இருவருமே விடுவதாக இல்லை. பஞ்சாயத்துப் பேச வந்திருந்த பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கெணத்து மொறை மாதிரி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கூட்டுக் கிணற்றில் பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள், சரி. இரண்டே சீட்டு உள்ள, கூரையை மடித்துவிடக்கூடிய சீமைக் காரை முறை வைத்து ஓட்டுகிற குடும்பம் எங்களைத் தவிர வேறெங்கும் இருக்காது.

மாதம் பிறந்தால் கிணத்துக்கடவு பெட்ரோல் பங்கில் வண்டி கைமாறும். முறை முடிந்தவர் காலையிலேயே கொண்டுவந்து நிறுத்தி, அங்கிருக்கும் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட வேண்டும். மத்தியானம் மற்றவர் வந்து எடுத்துக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

கணபதி என்ற பகுதியில், பம்பு பாகங்களை லேத்தில் கடையும் பட்டறை வைத்திருப்பவள் நான். என் கை சும்மா இருக்காது. முதல் முறையிலேயே அப்பா காலத்து ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிப் போட்டேன். இறுக்கவும் தளர்த்தவும் திருகு உள்ள புதியவற்றை நான்கு சக்கரத்துக்கும் வாங்கினேன். பழைய இடத்தில் அவை உட்காரவில்லை. பட்டறையிலேயே அதற்கு பிராக்கெட் செய்தேன். திருகைத் திருப்பத் திருப்ப 'டிக், டிக்' என்று விரலில் தட்டும். ஸ்பிரிங்குக்கு அடியில் மரை வெட்டிய வளையம் ஒன்று உண்டு. அதைச் சுற்றினால் அந்தச் சக்கரத்தின் மேல் வண்டி உயரும், தாழும். நைந்துபோன ரப்பர் புஷ்களையும் மாற்றினேன். எல்லாவற்றையும் நன்றாக இறுக்கி, ஆழியாறு தாண்டி வால்பாறை வளைவுகளில் ஏற்றினேன். துளி சாயாமல் திரும்பியது. சந்தோஷம் தாங்காமல் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அண்ணன் முறை முடிந்து வந்த வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. எல்லாத் திருகையும் தளர்த்தி, வண்டியையும் உயர்த்தி வைத்திருந்தார். அண்ணன் குடியிருக்கும் தோட்டத்துக்குப் போகிற இட்டேரி, இரண்டு பக்கமும் கள்ளிவேலி, நடுவில் முழுக்கக் கல்லும் குழியும். அதற்காகத்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. மறுபடி இறுக்கினேன். அவர் மறுபடி தளர்த்தினார். ஒரு வருஷத்துக்கு மேல் இதுவே நடந்தது. வாயால் போட முடியாத சண்டையைத் திருகில் போட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு மாதம், இறுக்கக் குனிந்தவள் கையை எடுத்துக்கொண்டேன். பின்னால் முழுக்கத் தளர்த்தியிருந்தவர், முன்பக்கம் மட்டும் பாதியில் நிறுத்தியிருந்தார். ஏன்? ஓட்டிப் பார்த்தேன். பிரேக் போட்டால் முன்புறம் குப்புற அமுங்கவில்லை. அண்ணன் குருட்டாம்போக்கில் திருகவில்லை, யோசித்துத்தான் வைத்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம். இறுக்குவதை விட்டேன். அவர் வைத்ததை வைத்தபடியே ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடினேன். சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருப்பது செம்மண்ணா, ஆற்று மணலா? சீட்டுக்கடியில் தென்னை நாரா, வைக்கோலா? மண்ணைப் பார்த்தே பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனாரா, ஆனைமலைப் பக்கம் போனாரா என்று சொல்லுமளவு தேறிவிட்டேன். என்னோடு பேசாத மனிதரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்வதில் வெட்கம்கெட்ட சுகம் ஒன்று இருந்தது.

இப்படி இரண்டு முறை போனது. மூன்றாவது முறை பெட்ரோல் பங்கில் வண்டி இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இடது சக்கரங்கள் இரண்டுக்கும் மட்டும் வளையத்தை ஏற்றி, திருகையும் முழுக்கத் தளர்த்தியிருந்தார். வலப்பக்கத்தைத் தொடவேயில்லை. இது எந்த இட்டேரிக்கும் ஆகாது. பங்கில் யாரையும் விசாரிக்கவில்லை. கேட்டால் அவர் காதுக்குப் போய்விடும்.

பட்டறைக்குக் கொண்டுவந்து, இடது சீட்டில் பம்புக்கான வார்ப்பிரும்புக் காஸ்டிங்குகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். வண்டி சமமாக நின்றபோது நிறுத்தி, எடையைக் கூட்டிப் பார்த்தேன். பாரியான ஆம்பிளை ஒருவரின் எடை. எங்கள் வீட்டில் அந்த உடம்பு அண்ணனுக்குத்தான். ஆக, அண்ணன் இடது சீட்டில் உட்கார்ந்து போகிறார். வலப்பக்கத்தை ஏற்றாததால், ஓட்டுவது வேறு யாரோ ஒல்லியான ஆள். அண்ணிதான். யார் கெஞ்சினாலும் ஸ்டியரிங்கை விட்டுக்கொடுக்காத மனிதர், ஓட்ட முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார். அந்தப் பக்கம் மட்டும் குலுங்கக் கூடாதென்று தளர்த்தியிருக்கிறார். இடுப்பா, நெஞ்சா, அறுவை சிகிச்சை ஏதாவதா? எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே ஏதாவது ஆகிவிட்டால்? கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

காஸ்டிங்குகளை இறக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே வண்டியை எடுத்தேன். சாயங்காலம் இட்டேரியில் திரும்பும்போது, களத்தில் அண்ணன் தோளுக்கு ஒன்றாக இரண்டு தேங்காய்க் குலைகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவருவது தெரிந்தது. இடுப்புக்கும் ஒன்றுமில்லை, நெஞ்சுக்கும் ஒன்றுமில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அண்ணன் குலைகளை இறக்கிவிட்டு வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த இரும்பைக் காட்டி, "இதென்ன?" என்றார். இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நீங்கதானுங்ணா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் போட்ட கணக்கை முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசட்டுத்தனமாகத் தெரிந்தது. அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும் நீ இறுக்கி அனுப்புவ, நான் தளத்துவேன். ரெண்டு மொறையா நான் வெச்சது வெச்சபடியே திரும்பி வருது. சண்டைக்கே வராம இருந்தீன்னா நான் என்னன்னு நெனைக்கறது, அம்மணி? உனக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு ராத்திரி தூக்கமே இல்ல. நேர்ல வரதுக்கும் மூஞ்சி இல்ல. ஒரு பக்கமாத் தூக்கி உட்டா, திட்டறதுக்காச்சும் வருவீன்னுதான் செஞ்சுபோட்டேன்."

வண்டியின் பின்பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இடது சக்கரத்தடியில் உட்கார்ந்தேன். ஏற்றிவைத்த வளையங்களை இறக்கினேன். பிறகு அவர் கண்ணெதிரிலேயே நான்கு திருகுகளையும், ஒரு டிக் பாக்கியில்லாமல், கடைசிவரை இறுக்கினேன்.

இந்த இட்டேரியில் இப்படி ஓட்டினால் முதுகெலும்பு மிஞ்சாது, உனக்குப் புத்தியே வராதா என்று அண்ணன் திட்ட ஆரம்பித்தார். இருட்டிக்கொண்டு வந்தது. திட்டிக்கொண்டே என் பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார்.