குமிழி நின்றால் வேலை முடிந்தது

எங்கள் தெருவில் அவரைக் காத்து அண்ணன் என்றால்தான் தெரியும். பஞ்சர் கடைக்காரர். டயரில் காற்று போதுமா என்று பார்க்க மீட்டர் வைக்க மாட்டார். கட்டைவிரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். வாய் மட்டும் அடங்காது. ஆணி ஏறிய டயரோடு யார் வந்தாலும், "ரோட்டுல இவ்வளவு இடம் இருக்கு, உனக்கு ஆணிதான் கிடைச்சுதா?" என்பார். எதிர்ப்பக்கத் தையல் கடையில் இருக்கும் எனக்கு மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஓட்டை பார்ப்பது அக்காவின் வேலை. காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தை விரலால் பிடித்துக் காட்டுவார். அண்ணன் ஒட்டித் தந்ததும் மறுபடி முக்குவார். குமிழி இல்லையென்றால் வேலை முடிந்தது. கல்யாணமான நாளிலிருந்து இதே கதை.

அப்புறம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஓரளவு திரும்பியது, ஆனால் இரண்டு சொல்லுக்கு மேல் மூச்சு போதவில்லை. மருத்துவமனையில் இருந்த பிசியோ பெண்தான் அக்காவுக்கு விளக்கினாள்.

"மூச்சு விடுறதுக்கும் தசைதாம்மா வேணும். கை கால் மாதிரி அதுவும் பலம் குறைஞ்சிருக்கு. அழுத்தி இரும முடியாது. சளி உள்ளயே தங்கிட்டா ஆபத்து. இனிமே நீங்க பயப்பட வேண்டியது அதுக்குத்தான்."

மூச்சுக்குப் பலம் வரட்டும் என்று, பாதி பாட்டில் தண்ணீரில் ஒரு குழாயை விட்டு அவரை ஊதச் சொன்னாள். யாராவது பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றாள்.

அண்ணன் பாட்டிலை முறைத்தார். "ஓட்டை இருந்தாத்தான்... குமிழி வரும். என்கிட்ட... எங்க ஓட்டை?"

"வாய்தான். ஊதுங்க," என்றார் அக்கா.

கடையை இப்போது அக்கா தனியாக நடத்தினார். தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு அண்ணனை உட்கார வைத்திருந்தார். அவர் ஊதுவார், இவர் ஒட்டுவார். உதட்டோரம் காற்று ஒழுகும்; இடது கையால் பொத்திக்கொண்டு மறுபடி ஊதுவார். குமிழி நின்றால் அக்கா தலை நிமிராமலே, "என்னங்க," என்பார். மறுபடி வரும். பிழைத்துக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அன்று ஒரு லாரி டியூப் வந்தது. பெரிய கிழிசல். அக்கா ஒட்டி, காய வைத்து, பகுதி பகுதியாகத் தொட்டியில் முக்கிப் பார்த்தார். குமிழி இல்லை. நிமிர்ந்தார். பாட்டிலிலும் குமிழி இல்லை. நிம்மதியாக டியூபைத் துடைத்து டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர்தான் அண்ணனின் முகத்தைப் பார்த்து, "அக்கா, இவரு ஏன் இப்படி இருக்காரு?" என்று கேட்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. வழியிலேயே போய்விட்டார். சளி அடைத்துவிட்டது, வெளியே தள்ள இருமலுக்குப் பலமில்லை என்றார்கள்.

நான் அழவில்லை. பாதியில் விட்ட சட்டைக்குக் காலர் வைத்தேன். கோணலாகப் போனது, பிரிக்கத் தோன்றவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், படுத்த படுக்கையாகக் கிடக்காமல் போனாரே என்று அக்காவைத் தேற்றினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் படுக்கவேயில்லை, உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு, விலை சொல்கிற குரலில் அக்கா என்னிடம் சொன்னார். "தொட்டியில பார்த்தேன், இல்ல. பாட்டில்ல பார்த்தேன், அங்கயும் இல்ல. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

 

கடை மறுபடி திறந்தது. நாற்காலி அங்கேயே இருந்தது. என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அக்கா டியூபைக் கழற்றி, ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டி, காற்றடித்துத் தண்ணீரில் முக்கினார். தண்ணீர் அசையவில்லை. அக்கா கையை எடுக்கவில்லை. சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"குமிழி இல்லக்கா. ஓட்டை அடைஞ்சிருச்சு. எடுங்க."

"இரு," என்றார். "வரட்டும்."